எந்த ஏழே முக்கால்?

ராய்ஸ் மட்டும் அன்றைக்கு மதியம் சிப்பியைப் பச்சையாகத் தின்னாமல் இருந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. ஜூரியில் உட்கார்ந்து ஒரு மனிதனின் தலையெழுத்தைத் தீர்மானிக்கப் போகிற நாளில் எந்தப் புண்ணியவானாவது ஒரு டஜன் சிப்பியை விழுங்குவானா? ராய்ஸ் விழுங்கினான். இரண்டு வக்கீல்களும் பேசி முடித்து, ஜட்ஜ் எங்களுக்கு விதிமுறைகளை வாசித்துக்கொண்டிருந்தபோது அவன் முகம் பச்சையடித்துப் போனது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடியவன் திரும்பி வரவில்லை. ஜட்ஜ் கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஏழாவது நாற்காலியைப் பார்த்து, "மிஸ் ஃபெனல், அவருக்குப் பதிலா நீங்க உள்ள போங்க" என்றார்.

எங்கள் ஃப்ளோரிடாவில் இந்த மாதிரி வழக்குக்கு ஜூரியில் ஆறு பேர்தான். ஏழாவதாக ஒருவரை ஸ்டெப்னி மாதிரி உட்கார வைத்திருப்பார்கள். மூன்று நாள் எல்லாவற்றையும் கேட்கவிட்டு, கடைசியில் 'ரொம்ப நன்றி, வீட்டுக்குப் போகலாம்' என்று அனுப்பிவிடுவார்கள். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இருபத்திரண்டு வருடத்தில் ஸ்டெப்னியை மாட்ட வேண்டி வந்தது நாலே தடவை. அதனால் மிஸ் ஒடெஸா ஃபெனலை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ராய்ஸையும் சேர்த்து நாங்கள் ஆறு பேரும் வெள்ளைக்காரர்கள். மிஸ் ஒடெஸா கறுப்பர். வழக்கில் மாட்டியிருந்த கோர்வெல் கெய்ன்ஸும் கறுப்பர். இருபத்தாறு வயது, கடற்கரையில் இறால் கொட்டகையில் ராத்திரி ஷிஃப்ட் வேலை. அவன் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம், ஆற்றங்கரையிலிருந்து பன்னிரண்டு தேன்பெட்டிகளைத் தேனீயோடு தூக்கிக்கொண்டு போனது. சிரிக்காதீர்கள். டுபெலோ மரம் பூத்து விலை உயர்ந்த தேன் கிடைக்கிற மூன்று வாரத்தில் எங்கள் பக்கம் தேன்பெட்டி திருடுவது ஐந்து வருடம் உள்ளே தள்ளுகிற குற்றம். கோர்வெலின் அம்மா வில்லா கெய்ன்ஸ் மூன்று நாளும் மூன்றாவது வரிசையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகவில்லை.

வழக்கு ரொம்ப எளிது, அல்லது அப்படித்தான் தோன்றியது. பெட்டிகளின் சொந்தக்காரர் ஹாலிஸ் பீவி. கோர்வெல் போன வருடம் அவரிடம் வேலை பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டு நின்றவன். அவனிடம் ஒரு நீல நிற லாரி. ஆற்றுச் சாலையில் குடியிருக்கிற வெர்னா ஸ்ட்ரிக்லண்ட் என்ற அம்மாள், "சாயங்காலம் ஏழே முக்காலுக்கு அந்த நீல லாரி பெட்டிகளோட என் வாசலைத் தாண்டிப் போச்சு, ஓட்டினது இவன்தான்" என்று சாட்சி சொன்னாள். இறால் கொட்டகைக் கடிகாரத்தில் அவன் எட்டு முப்பத்தைந்துக்கு வருகை அட்டையைத் தட்டியிருந்தான். அரசு வக்கீல் கரும்பலகையில் கழித்துக் காட்டினார். ஐம்பது நிமிடம் இடைவெளி. வெர்னா வீட்டிலிருந்து கொட்டகைக்கு முப்பத்தைந்து நிமிடப் பயணம். வழியில் எங்கோ பெட்டிகளை இறக்கப் பதினைந்து நிமிடம். கழித்தல் சரியாகத்தான் இருந்தது.

அரசாங்கமே கோர்வெலுக்கு அமர்த்திக் கொடுத்த வக்கீல் ஒரு சின்னப் பையன் மாதிரி இருந்தார். மாநிலத் தலைநகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருகிறவர். கையில் நாற்பது வழக்குக் கட்டு. பாவம், "என் கட்சிக்காரர் வேலையில இருந்தாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாரே ஒழிய வேறொன்றும் கேட்கவில்லை. அரசு வக்கீலும் வெளியூர். ஜட்ஜும் வெளியூர்.

படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிற ரோஸ்கோ ஹட்டோ ஜூரியில் என் பக்கத்து நாற்காலி. ஜட்ஜ் விதிமுறை வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே என் காதில், "உள்ள போறோம், ஒரு காபி குடிக்கிறோம், வெளிய வர்றோம். நாளைக்கு மீன் வறுவல் விருந்து இருக்கு, மாவு பிசையணும்" என்று முணுமுணுத்திருந்தான். நானும் தலையாட்டியிருந்தேன். பொய் சொல்வானேன்?

அறைக்குள் மிஸ் ஒடெஸா நுழைந்ததும் எல்லாம் மாறிவிட்டது. அவர் ஒன்றும் செய்யவில்லை. நாற்பது வருடம் தபால் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தேழு வயது. முதுகுக்கு வைக்க ஒரு சின்னத் தலையணையும், ஒரு டப்பா நிறைய சீஸ் முறுக்கும் கொண்டுவந்திருந்தார். தலையணையை வைத்தார், உட்கார்ந்தார், டப்பாவைத் திறந்து மேஜை நடுவில் தள்ளினார். "எடுத்துக்கோங்க. மொறுமொறுன்னு இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

நாங்கள் ஐந்து பேரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

சத்தமாகப் பேசுகிறவள் என்பதால் நடீன் யார்ப்ரோ ஆகிய என்னைத்தான் குழுவுக்குத் தலைவியாகப் போட்டிருந்தார்கள். "சரி, யார் ஆரம்பிக்கிறீங்க?" என்றேன்.

ரோஸ்கோ தொண்டையைச் செருமினான். "அதாவது, அந்தப் பய…" என்று ஆரம்பித்தவன் மிஸ் ஒடெஸாவைப் பார்த்தான். "அந்தத் தம்பி…" என்று மாற்றினான். அதுவும் சரியாகப் படவில்லை போலிருக்கிறது. "திரு. கெய்ன்ஸ் அவர்கள் இருக்காரே, அவர் பெட்டியத் திருடினாரான்னு நாம பொறுமையா யோசிக்கணும்" என்று முடித்தான். ரோஸ்கோ ஹட்டோ ஒருத்தரை 'அவர்கள்' என்று சொல்லி நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. தன் மாமனாரையே 'அந்த ஆளு' என்கிறவன்.

மிஸ் ஒடெஸா முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அவன் பேரு கோர்வெல்" என்றார்.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் லூர்லின் பிட்ஸ் உட்கார்ந்திருந்தாள். கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவள், யாரிடமும் கடிந்து பேசாதவள். "முதல்ல சீட்டுல எழுதிப் பார்த்துடலாமே, பேரு போடாம. யாருக்கும் சங்கடமா இருக்காது" என்றாள். யாருக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அவன்தான் திருடினான் என்று எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. ஆனால் பென்சிலைக் கையில் எடுத்ததும் வேறொன்று தோன்றியது. மிஸ் ஒடெஸா எப்படியும் 'குற்றமில்லை' என்றுதான் எழுதப் போகிறார். ஐந்துக்கு ஒன்று என்று வந்தால் அந்த அம்மா தனியாக நிற்பாரே, பார்க்க நன்றாகவா இருக்கும்? ஒரு துணைக்கு இருக்கட்டும் என்று நானும் 'குற்றமில்லை' என்று எழுதிப் போட்டேன். பிறகு பேசி, இரண்டு பேரும் சேர்ந்து மாறிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. ஒரு மனிதனுடைய ஐந்து வருடத்தை வைத்து மரியாதை செய்து விளையாடியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு போடலாம் போலிருக்கிறது.

சீட்டுகளைப் பிரித்தேன். குற்றவாளி, நான்கு. குற்றமில்லை, இரண்டு.

ஆக என்னுடையது ஒன்று, மிஸ் ஒடெஸாவுடையது ஒன்று. நான் நினைத்த மாதிரியே ஆயிற்று. எல்லோர் கண்ணும் அவர் பக்கம் போனது. அவர் கைக்குட்டையால் விரலில் ஒட்டிய துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரோஸ்கோ எழுந்தே விட்டான். "மிஸ் ஒடெஸா, உங்களுக்கு எது புரியலைன்னு சொல்லுங்க, நான் விளக்கிடுறேன்."

"எனக்கு என்ன புரியலை?"

"இல்ல, சந்தேகம் ஏதாச்சும்…"

"நீங்க விளக்குங்க. கேக்கத்தானே உக்காந்திருக்கேன்."

அப்படித்தான் தொடங்கியது. ராய்ஸ் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ரோஸ்கோ எதையும் விளக்கியிருக்க மாட்டான். 'தெரிஞ்ச கதைதானே' என்று ஒரு தலையாட்டலோடு போயிருக்கும். நம்ம ஆளுக்கு நாம் நினைப்பது சொல்லாமலே தெரியும் என்று ஒரு நினைப்பு. மிஸ் ஒடெஸாவிடம் அப்படி விட முடியாது. எங்களைப் பார்த்து 'அவசரப்பட்டவங்க, ஒருதலைப்பட்சமானவங்க' என்று அந்த அம்மா நினைத்துவிடக் கூடாதே. அதற்காக ரோஸ்கோ பலகையில் கோடு போட்டுப் படம் வரைந்தான். ஆறு வரைந்தான். சாலை வரைந்தான். வெர்னா வீட்டுக்குத் தாழ்வாரம்கூட வரைந்தான். மருந்துக்கடைக்காரர் பிரைஸ் தன் குறிப்பு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ரோஸ்கோ சொல்வதெல்லாம் சரியா என்று வரி வரியாகப் பார்த்தார். மூன்று நாளும் அந்த நோட்டில் அவர் படகுதான் கிறுக்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்திருந்தேன். பாதிப் பக்கம் படகுதான்.

"ஏழே முக்கால்," என்று ரோஸ்கோ தாழ்வாரத்தில் ஒரு குச்சி மனுஷியை நிறுத்தினான். "வெர்னாம்மா வெளிய உக்காந்திருக்காங்க. நல்ல வெளிச்சம். லாரி வருது. முகம் பளிச்சுன்னு தெரியுது."

"வெளிச்சமா?" என்றாள் லூர்லின்.

"ஆமா."

"ஏழே முக்காலுக்கு என்ன ரோஸ்கோ வெளிச்சம்? நான் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிச்சு விளக்கப் போட்டுருப்பேன்."

"ஏன், உங்க வீட்டுல ஜன்னல் இல்லையா? ஏழே முக்காலுக்கு நான் படகுல நடுத் தண்ணியில இருப்பேன். சூரியன் நேரா மூக்குல அடிக்கும்."

"ஏப்ரல் கடைசியிலயா?"

"ஏப்ரல் கடைசியிலதான்."

"நீ எந்தச் சூரியனைப்பா சொல்றே?" என்றாள் லூர்லின். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் பலகையில் இருந்த ஆற்றையும் சாலையையும் திரும்பப் பார்த்தேன்.

எங்கள் ஊருக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. மாவட்டத்துக்கு நடுவில் நேர மண்டலக் கோடு போகிறது. கடற்கரைப் பக்கம் ஒரு நேரம், ஆற்றுப் பக்கம் ஒரு நேரம். கடற்கரையில் எட்டு என்றால் ஆற்றுப் பக்கம் ஏழு. முந்துகிறதை வேக மணி என்போம், பிந்துகிறதை மெல்ல மணி என்போம். கல்யாணம், கருமாதி, பல் டாக்டர், எதுவானாலும் "வேக மணியா, மெல்ல மணியா?" என்று கேட்காமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டோம். நான் தினமும் ஆற்றுப் பக்கம் பிள்ளைகளை ஏற்றிக் கடற்கரைப் பக்கம் இறக்குகிறவள். ஆறு ஐம்பதுக்கு ஏற்றி எட்டு ஐந்துக்கு இறக்கினாலும் பதினைந்து நிமிடப் பயணம்தான். என்னை விட இதைத் தெரிந்த பிறவி இந்த மாவட்டத்தில் கிடையாது.

அந்த நான், மூன்று நாள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, கேட்கவே இல்லை. யாருமே கேட்கவில்லை. வெளியூர் வக்கீல்களுக்கு ஒரே கடிகாரம். எங்களில் ரோஸ்கோ மாதிரிக் கடற்கரைக்காரர்கள் வேக மணி என்று எடுத்துக்கொண்டார்கள், லூர்லின், நான் மாதிரி ஆற்றுக்காரர்கள் மெல்ல மணி என்று எடுத்துக்கொண்டோம். இரண்டு வெவ்வேறு ஏழே முக்காலை நினைத்துக்கொண்டு ஒருத்தருக்கொருத்தர் தலையாட்டியிருக்கிறோம்.

"ஐயோ, ஆண்டவரே," என்றேன் வாய்விட்டு. "வெர்னா வீடு ஆற்றுப் பக்கம்."

ரோஸ்கோ பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிரைஸ் நோட்டில் வேகமாக எழுதினார். "வெர்னாம்மா சொன்னது மெல்ல மணின்னா, கொட்டகைக் கடிகாரப்படி எட்டே முக்கால். கோர்வெல் எட்டு முப்பத்தஞ்சுக்கே அட்டையைத் தட்டிட்டார். அவங்க லாரியைப் பாக்குறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே அவர் கடற்கரையில இறாலோட நிக்கிறார்."

"அட்டை பொய் சொல்லாது," என்றாள் லூர்லின்.

கோர்ட்டுக் காவலரைக் கூப்பிட்டு, வெர்னாவின் சாட்சியத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும் என்று ஜட்ஜுக்கு எழுதி அனுப்பினேன். எங்களை வரிசையாக உள்ளே கூட்டிப்போனார்கள். வாசிக்கிற பெண் குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தாள். "ஏழே முக்கால் இருக்கும். முற்றத்து விளக்கு அப்பத்தான் தானா எரிஞ்சுது. அந்த வெளிச்சத்துலதான் முகத்தைப் பார்த்தேன்." மூன்றாவது வரிசையில் வில்லா கெய்ன்ஸ் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் முகத்துக்கு வந்தபோது நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் ரோஸ்கோ நாற்காலியில் பொத்தென்று விழுந்தான். "முற்றத்து விளக்கு இருட்டினாத்தானே தானா எரியும். நான் பாட்டுக்கு வெளிச்சம் வெளிச்சம்னு படம் போட்டேன். சே!"

மறுபடி சீட்டு. என் மனது லேசாகியிருந்தது. ஆறும் ஒன்றாக வரும், மிஸ் ஒடெஸா சந்தோஷப்படுவார், எல்லோரும் கை குலுக்கிக்கொண்டு போகலாம். பிரித்தேன்.

குற்றமில்லை, ஐந்து. குற்றவாளி, ஒன்று.

"யாருப்பா அது?" என்று ரோஸ்கோ கத்தினான். "இன்னுமா ஒருத்தர்? இவ்வளவு சொல்லியும்? வெளிப்படையாச் சொல்லுங்க, மிஸ் ஒடெஸா முன்னாடி நமக்கு வெக்கமா இல்லை?"

"நான்தான்," என்றார் மிஸ் ஒடெஸா.

டப்பாவில் கை விட்டிருந்த பிரைஸ் கையை வெளியே எடுக்க மறந்துபோனார்.

"நீங்களா?" என்றேன். "இப்ப மட்டும் மாத்திட்டீங்களா?"

"எதை மாத்துறது? முதல் சீட்டுலயும் அதைத்தானே எழுதினேன்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படியானால் முதல் சீட்டில் இரண்டாவது 'குற்றமில்லை' யாருடையது? லூர்லின் மெதுவாகக் கையைத் தூக்கினாள். முகம் காதுவரை சிவந்திருந்தது. "மிஸ் ஒடெஸா தனியா நிப்பாங்களேன்னு…"

"நீயுமா?" என்றேன்.

மிஸ் ஒடெஸா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தலையணை கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் துணைக்கு வந்தீங்களா? நானே அந்தப் பக்கம் இல்லையேம்மா!" என்றார்.

"ஆனா ஏன்?" ரோஸ்கோவுக்குத் தாங்கவில்லை. "அதாவது, நீங்க…" பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லுங்க ஹட்டோ. நான் கறுப்புப் பொம்பளை, அவன் கறுப்புப் பையன், நான் எப்படிக் குற்றவாளின்னு எழுதலாம்? அதானே?" சிரிப்பு போய்விட்டிருந்தது. "போன வருஷம் என் வீட்டுப் பின்கதவை உடைச்சு டிவியைத் தூக்கிட்டுப் போனது யாருன்னு நினைக்கிறீங்க? எங்க தெருப் பையன்தான். அவங்க அம்மா என்கூடக் கோயில்ல பாடுறவ. அதுக்காக நான் விட்டேனா? அந்த நாற்காலியில உக்காரும்போதே தீர்மானம் பண்ணேன். இவனை விட்டா, ஒடெஸா தன் ஆளுன்னு விட்டுட்டான்னு நாளைக்கு இந்த ஊரே பேசும். நீங்களும் பேசுவீங்க. அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். எல்லாரையும் விட ஒரு பிடி இறுக்கமாப் பாக்கணும்னு உக்காந்தேன்."

அவருக்காக நாங்கள் ஒரு வேஷம், எங்களுக்காக அவர் ஒரு வேஷம். நடுவில் கோர்வெல் கெய்ன்ஸ்.

"சரி," என்றார். "என்னைச் சமாதானப்படுத்துங்க. மணி விஷயம் நல்ல விஷயம்தான். ஆனா ஆற்றுப் பக்கம் எத்தனை வீட்டுல வேக மணி வெச்சிருக்காங்க? கடற்கரையில வேலை பாக்குறவங்க வீட்டுக் கடிகாரத்தையும் அப்படியேதான் வெப்பாங்க. தபால் ஆபீஸ்ல எத்தனை பேர் அதுல குழம்பி என் ஜன்னலை மூடின பிறகு வந்து கத்தியிருக்காங்க தெரியுமா? வெர்னாவோட கடிகாரம் எதுன்னு யாருக்குத் தெரியும்?"

நியாயமான கேள்வி. எனக்கு எரிச்சலாக வந்தது, ஏனென்றால் நியாயமாக இருந்தது.

"விளக்கு எரிஞ்சுதே," என்றாள் லூர்லின்.

"மழை மூட்டம் போட்டாலும் அந்த விளக்கு எரியும். எங்க வீட்டுது மத்தியானமே எரியும்."

"அன்னிக்கு மழை இல்ல."

"யாராவது சாட்சி சொன்னாங்களா?"

பிரைஸ் நோட்டைப் புரட்டினார். சொல்லவில்லை. ரோஸ்கோ தலையில் கை வைத்துக்கொண்டான். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் கோர்வெலை உள்ளே தள்ளத் துடித்தவன், இப்போது அவனை வெளியே கொண்டுவர வழி தேடித் தவித்துக்கொண்டிருந்தான்.

அதுவரை வாயே திறக்காதவர் ஒருவர் இருந்தார். எம்மெட் கைல், எழுபது வயது, காட்டு இலாகாவில் மரம் எண்ணி ஓய்வு பெற்றவர். முறுக்கு தின்பதற்கு மட்டும்தான் வாயைத் திறந்திருந்தார். அவர் மெல்ல, "பீவி என்ன சொன்னார்?" என்றார்.

"எதைப் பத்தி?"

"காலையில போய்ப் பார்த்தேன்னாரே. என்ன சொன்னார்?"

பிரைஸ் விரலால் தேடி வாசித்தார். "'பெட்டி ஒண்ணும் இல்ல. ஒரு தேனீகூட மிச்சமில்ல. சுத்தமா வாரிக்கிட்டுப் போயிட்டாங்க.' இதுக்கென்ன?"

"பூவுக்குப் போன ஈ பொழுது சாய்ஞ்சாத்தான் வீடு திரும்பும். அதையும் பீவியே சொன்னார், அதனாலதான் பெட்டியை இருட்டினப்புறம் நகத்தணும்னு. பகல்ல தூக்கினா, வெளிய போன ஈயெல்லாம் திரும்பி வந்து, வீட்டைக் காணோமேன்னு அதே இடத்துல கொத்தாத் தொங்கும். மறுநாளும் தொங்கும். ஆயிரக்கணக்குல. ஒண்ணுகூட இல்லைன்னா, எல்லாம் உள்ள வந்தப்புறம்தான் தூக்கியிருக்கான், எவனோ."

"பொழுது சாயுறது எப்போ?" என்றார் மிஸ் ஒடெஸா.

"வேக மணிக்கு எட்டே கால். அப்புறம்தான் தூக்கவே ஆரம்பிக்கலாம். வெர்னா கடிகாரம் எதுவா வேணாலும் இருக்கட்டும். தேனீ கடிகாரம் பார்க்கிறதில்ல."

நான் விரல் விட்டு எண்ணினேன். எட்டே காலுக்கு மேல் பெட்டியில் கை வைக்கிறான். பன்னிரண்டு பெட்டி ஏற்றுகிறான். முப்பத்தைந்து நிமிடம் ஓட்டுகிறான். எட்டு முப்பத்தைந்துக்கு அட்டையைத் தட்ட வேண்டுமென்றால் அவன் லாரிக்கு இறக்கைதான் முளைத்திருக்க வேண்டும்.

மிஸ் ஒடெஸா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது, அவரும் எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை எண்ணினார். பிறகு கண்ணைத் திறந்து, "அந்தப் பையன் செய்யலை," என்றார். "ஆண்டவரே, நான் என்ன காரியம் பண்ண இருந்தேன்?"

"நாங்களும்தான்," என்றான் ரோஸ்கோ. சீஸ் முறுக்கு டப்பாவை அவர் பக்கமாகத் தள்ளினான். டப்பா காலி.

தீர்ப்பை நான்தான் கொடுத்தேன். 'குற்றமில்லை' என்று எழுத்தர் வாசித்ததும் கோர்வெல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான், தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது அவன் பார்த்தது மிஸ் ஒடெஸாவை மட்டும்தான். எங்கள் ஐந்து பேர் பக்கம் திரும்பவே இல்லை. மிஸ் ஒடெஸா மடியில் இருந்த தலையணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நானும் அவரும் சேர்ந்து நடந்தோம். வில்லா கெய்ன்ஸ் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் மிஸ் ஒடெஸாவைக் கட்டிக்கொண்டாள். "நீங்க அந்த நாற்காலியில ஏறி உக்காந்ததும் எனக்கு உயிர் வந்துச்சும்மா. நீங்கதான் அவங்ககிட்டச் சண்டை போட்டு என் பிள்ளையை மீட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

மிஸ் ஒடெஸா அவளை மெதுவாக விலக்கி நிறுத்தினார். அந்த நன்றியை அப்படியே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? நானாக இருந்தால் வாங்கிக்கொண்டுதான் போயிருப்பேன்.

"வில்லா, பொய்யான நன்றி எனக்கு வேண்டாம்," என்றார். "நான் சண்டை போட்டது அவனை உள்ள தள்ளுறதுக்கு. கடைசி வரைக்கும் குற்றவாளின்னு எழுதினது நான் ஒருத்திதான். இவங்க அஞ்சு பேரும்தான் எனக்குப் புரிய வெச்சாங்க."

வில்லா அவரையே பார்த்தாள். கன்னத்தில் அறைவாளோ என்றுகூட நான் பயந்தேன். அவள் அறையவில்லை. என் பக்கம் திரும்பினாள். நீதிமன்றத்தில் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை குனிய எனக்கு இடமில்லை.

"இவங்களுக்குப் புரிய வெச்சீங்களாமே," என்றாள். "அந்த நாற்காலியில இவங்க இல்லாம, சீக்காப் போனானே, அந்த ஆளே இருந்திருந்தா? அவனுக்கும் உக்காந்து புரிய வெச்சிருப்பீங்களா?"

மழுப்ப எத்தனையோ வார்த்தை இருக்கிறது. 'கண்டிப்பா', 'சட்டம்னு ஒண்ணு இருக்கே', 'நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல'. வாகன நிறுத்தத்தின் அந்தக் கோடியில் கோர்வெல் தன் நீல லாரியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மா வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா," என்றேன். "வெச்சிருக்க மாட்டோம்."

வில்லா தலையசைத்தாள். "தெரியும். உங்க வாயால கேக்கணும்னுதான்," என்று சொல்லிவிட்டு மகனிடம் போனாள்.